மலைவாசிகளின் வீட்டில் தங்கிய வெரியர் எல்வின்

ஒரு ஜனசமூகத்தைப் பற்றிச் சட்டம் செய்கிறவர் அந்தச் சமூகத்தார் வீட்டில் ஓர் இரவாவது தங்கியிருக்க வேண்டும் என்ற விதி எந்த அரசியல் நிர்ணயத்திலும் கிடையாது. அப்படி ஒரு விதி இருந்திருக்குமானால், நமது தேசத்துக் காடுகளையும் மலைகளையும் பற்றி எழுதப்பட்ட சட்டங்களில் பெரும்பாலானவை பிறந்தே இரா. மாநாடு கூட்டி மலைவாசிகளின் முன்னேற்றம் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றும் நாமும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பியவர்கள் அல்லர். ஆகையால்தான் வெரியர் எல்வின் என்ற ஆங்கிலேயரின் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். அவர் செய்த காரியம் கேட்பதற்கு மிகவும் சாமானியமானது. மலைக்கிராமங்களுக்கு நடந்து போனார், அங்கே தங்கினார், அந்த ஜனங்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் இதையே செய்தார். அவரிடம் குற்றங்களும் இருந்தன. அவற்றையும் நாம் மறைக்கப் போவதில்லை.

எல்வின் 1902-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி இங்கிலாந்தில் டோவர் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் ஆப்பிரிக்காவில் சியரா லியோனில் பிஷப்பாக இருந்தவர். பிள்ளைக்கு ஏழு வயதாயிருக்கும்போது அவர் காலமானார். எல்வின் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கலாசாலையில் படித்து, ஆங்கில இலக்கியத்தில் ஒரு முறையும் வேதசாஸ்திரத்தில் மறுமுறையும் முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே இருந்திருந்தால் அவரும் பிஷப் ஆகியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால், தமது இனத்தார் இந்தியாவுக்கு இழைத்த தீங்குக்குத் தம்மாலான ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. 1927-ம் வருஷத்தில் பூனாவிலுள்ள கிறிஸ்த சேவா சங்கத்தைச் சேர்ந்த பாதிரியாக இந்நாட்டுக்கு வந்தார்.

அந்தச் சங்கத்தார் கதர் உடுத்தி, ஆசிரம முறையில் வாழ்ந்தவர்கள். 1928-ம் வருஷம் ஜனவரியில் எல்வின் சபர்மதிக்குச் சென்று மகாத்மாவைத் தரிசித்தார். அதன் பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகாத்மா அவரைத் தமது புத்திரரில் ஒருவராகவே பாவித்தார். சத்தியாக்கிரகம் கிறிஸ்துவின் போதனைக்கு இசைந்ததே என்று இந்த இளம் பாதிரி 1930-ல் எழுதியபோது, வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு ஏற்பட்ட எரிச்சலைச் சொல்லவும் வேண்டுமோ? 1932-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி விடியுமுன் பம்பாய் மணிபவனத்தில் மகாத்மாவைப் போலீஸார் கைது செய்தபோது எல்வின் அந்த வீட்டில் இருந்தார். பிறகு வடமேற்கு எல்லைப்புற மாகாணம் சென்று, செஞ்சட்டைத் தொண்டர்கள் மீது சர்க்கார் நடத்திய அடக்குமுறையை நேரில் விசாரித்தார். அங்கிருந்து சர்க்கார் அவரை வெளியேற்றியது.

கோண்டு ஜனங்களிடையே சென்று வேலை செய்யும்படி யோசனை கூறியவர்கள் சர்தார் வல்லபபாய் படேலும் சேட் ஜம்னாலால் பஜாஜும் ஆவர். அந்த ஜனவரி மாதக் கடைசியிலேயே எல்வினும் அவருடைய உயிர் நண்பர் சாம்ராவ் ஹிவாலேயும் மத்திய மாகாணத்தில் மண்டலா ஜில்லாவிலுள்ள கரஞ்ஜியா கிராமத்தை அடைந்தனர். மைகால் மலைத்தொடரில் நர்மதை உற்பத்தியாகும் இடத்துக்குச் சமீபத்தில் உள்ளது அந்தக் கிராமம். நாகபுரி பிஷப், சர்க்காருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தாலொழியப் பாதிரி வேலைக்கு அனுமதி தர இயலாது என்று கூறிவிட்டார். எல்வின் பிரமாணம் செய்ய மறுத்தார். அதே வருஷத்தில் அவர் தாய்நாட்டுக்குப் போனபோது, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின்தான் மறுபடி இந்தியாவுக்கு வரப் பாஸ்போர்ட் கிடைத்தது. சிறை சென்ற தேசபக்தர்களுக்கு இது கசப்பாகத் தோன்றலாம். கையெழுத்திடாமல் லண்டனில் இருந்துகொண்டு அவர் பிரசங்கம் செய்திருக்கலாம். கோண்டு கிராமத்துக்குத் திரும்புவதே மேல் என்று அவர் தீர்மானித்ததை நாம் குறை கூறமாட்டோம். 1935-ல் திருச்சபையை விட்டே அவர் விலகினார்.

கரஞ்ஜியாவில் மண்குடிசை கட்டிக்கொண்டு பாடசாலையும் வைத்தியசாலையும் குஷ்டரோகிகளுக்கு ஒரு விடுதியும் நடத்தினர். முதலில் எல்வினும் நம்மைப்போலவே, கற்றுக்கொடுப்பதற்காகத்தான் அங்கே போனார். ராட்டினமும் மதுவிலக்கும் அவருடைய மூட்டையில் இருந்தன. ஆனால் அந்த மலைப்பிரதேசத்தில் பருத்தி விளையாது. வெளியிலிருந்து பஞ்சு வாங்கி வந்து நூற்பது கோண்டுக்கு லாபமன்று, நஷ்டமே. இலுப்பைப்பூவிலிருந்து காய்ச்சும் மதுவை அவர்கள் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பிறப்பு, விவாகம், இறப்பு, தேவதைக்குப் படையல் ஆகிய எதிலும் அது இல்லாமல் சடங்கு பூர்த்தியாவதில்லை. நகரத்துத் தொழிலாளியின் குடும்பத்தைக் கள்ளுக்கடை அழிப்பதும் இதுவும் ஒன்றல்ல என்று எல்வின் முடிவு செய்தார். பிரமசரியத்தைப் பற்றிய உபதேசமும் அங்கே எடுபடவில்லை. இவ்விஷயங்களில் அவருக்கும் காந்தி ஆசிரமத்தாருக்கும் இடைவெளி உண்டாயிற்று. கதரில் நம்பிக்கையுள்ள நமக்கு இது உவப்பான செய்தியன்று. எனினும் பருத்தி விளையாத மண்ணில் பருத்தி விளைகிறது என்று எழுத நம்மால் இயலாது.

மண்டலா ஜில்லாவின் உட்காடுகளில் பைகா என்ற சாதியார் வசிக்கின்றனர். எல்வினை ஆராய்ச்சியாளராக்கியவர்கள் இவர்களே. உலகத்தில் முதன்முதல் தோன்றிய மனிதன் நங்கா பைகா என்றும், ஆடிக்கொண்டிருந்த பூமியில் ஆணியடித்து அதை நிலைநிறுத்தியவன் அவனே என்றும் இவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஆகையால் கோண்டுகளுக்கும் பூசாரிகள் இவர்களே. புலி வராதபடி கிராம எல்லையைக் கட்டுகிறவர்களும் இவர்களே. பூமி தாயாதலால் கலப்பையால் அவள் மார்பைக் கீறக்கூடாது என்பது பைகாவின் தர்மம். மரங்களை வெட்டி, காயவிட்டுக் கொளுத்தி, மழை தொடங்கும் சமயத்தில் சாம்பலில் விதை தூவுவார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த இடத்தை மறுபடி காடாக வளர விட்டு வேறிடம் போவார்கள். இதற்குப் பேவார் என்று பெயர்.

மரத்தின் விலை சர்க்காருக்குத் தெரிந்தபின் பைகாவின் தர்மம் குற்றமாயிற்று. ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும். காட்டிலாகாவுக்கு வருமானம் வேண்டும். பேவார் படிப்படியாகத் தடுக்கப்பட்டு, 1890-ல் பைகா சக் என்று ஒரு சிறு பிரதேசத்தை ஒதுக்கி, அதற்குள் மட்டும் அனுமதி அளித்தார்கள். மற்ற இடங்களில் பைகா கலப்பையைப் பிடிக்க வேண்டும். அல்லது கூலிக்கு மரம் வெட்ட வேண்டும். தன் சொந்த வயிற்றுக்காக வெட்டினால் குற்றவாளி, சர்க்காருக்காக வெட்டினால் கூலியாள்.

வக்கீல் தொழில் செய்தவர்களாதலால் இந்த இடத்தில் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 1878-ம் வருஷத்திய காட்டுச் சட்டத்திலும், 1927-ம் வருஷத்திய சட்டத்திலும், காட்டை ஒதுக்குமுன் உரிமை கோருகிறவர்கள் மனுச் செய்துகொள்ளலாம் என்று விதி இருக்கத்தான் செய்கிறது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதி. நோட்டீஸ் படிக்கத் தெரியாத, தவணைத் தேதி என்பதே அறியாத, கச்சேரி இருக்கும் ஊருக்கு இரண்டு நாள் நடக்க வேண்டிய ஒருவனுக்கு அந்த விதியால் என்ன பயன்? காட்டு வழக்குகளில் மலைவாசிகள் கூண்டில் ஏறியவுடன், கேட்பதற்கு முன்னரே, ஆம் வெட்டினேன் என்று ஒப்புக்கொள்வதை நாமே பார்த்திருக்கிறோம். கட்சிக்காரன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று தலையில் கை வைத்துக்கொள்ளும் வக்கீலும், ஐந்து நிமிஷத்தில் வழக்கு முடிந்தது என்று மகிழும் மாஜிஸ்திரேட்டும் அவன் ஏன் வெட்டினான் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு விடை எழுதியதே 1939-ல் வெளியான பைகாக்களைப் பற்றிய எல்வினுடைய பெரிய நூல். ஏழு வருஷம் அவர்களுடன் கலந்து பழகிய பிறகு அதை எழுதினார்.

அடுத்தபடி இரும்பு உருக்கும் அகாரியாக்களைப் பற்றி 1942-ல் ஒரு நூல் வந்தது. உலைக்குள் லோகாசுரன் வாழ்கிறான் என்று நம்பி மண் உலைகளில் இரும்பு உருக்கிவந்த அவர்களுடைய தொழிலைச் சர்க்கார் உலைக்கு விதித்த வரியும், ஆலையிலிருந்து வந்த மலிவான இரும்பும் சேர்ந்து நசுக்கின. நெசவாளரின் கதையை அறிந்த நமது நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1940-லிருந்து அவருடைய யாத்திரை பஸ்தர் சமஸ்தானத்துக்குள் திரும்பிற்று. அங்கே முரியா கிராமங்களில் கோட்டுல் என்று ஒரு மண்டபம் உண்டு. விவாகமாகாத வாலிபர்களும் பெண்களும் இராக்காலத்தில் அங்கே கூடி ஆடிப்பாடி உறங்குவார்கள். நகரவாசிகள் இதைக் கேட்டதும் காதைப் பொத்திக் கொள்வது வழக்கம். எல்வின் கிராமம் கிராமமாகச் சென்று விசாரித்து, 1947-ல் வெளியிட்ட நூலில், அந்த மண்டபம் ஒரு பாடசாலை என்று காட்டினார். பெருக்கி மெழுகுதல், விறகு கொணர்தல், கிராமத்துக் கலியாணங்களில் வேலை செய்தல் யாவற்றுக்கும் அங்கே முறை உண்டு. தவறினால் தண்டனை உண்டு. விவாகமானபின் முரியாக்களிடையே புருஷனும் பெண்சாதியும் பிரிவது மிக அரிது என்றும் கணக்கெடுத்துக் கூறினார். அவர் அந்த வாழ்க்கையின்மீது கொண்ட மோகத்தால் சில இடங்களில் நிழலைக் குறைத்து வெளிச்சத்தை அதிகப்படுத்திவிட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

அந்தக் குறை இல்லாத நூல் மாரியாக்களைப் பற்றியது. 1943-ல் வெளியாயிற்று. பஸ்தரின் மாரியாக்களிடையே கொலை மிகுதி. நூறு கொலை வழக்குகளின் தஸ்தாவேஜுகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கிராமங்களையும் அறிந்து, காரணங்களை ஆராய்ந்தார். சூனிய பயம், குடும்பத் தகராறு, குடி, ஒரு சுடுசொல், சில சமயங்களில் வெறும் களைப்பு என்று காரணங்கள் விரிகின்றன. கொலை செய்தவனைக் காட்டுமிராண்டி என்று தள்ளவுமில்லை. குழந்தை என்று கொஞ்சவுமில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் பழகும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம் அது.

நமது பழைய சென்னை மாகாணத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. கஞ்சம் மலைகளும் கோராபுட் மலைகளும் 1936-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஒரிஸ்ஸா தனி மாகாணமாகும் வரையில் சென்னையிலிருந்துதான் ஆளப்பட்டன. அங்கே வாழும் சவரர்களின் கிராமங்களில் எல்வின் 1940-க்குப் பிந்திய வருஷங்களில் பல முறை சுற்றினார். சவரர்கள் வீட்டுச் சுவரில் தேவதைகளுக்காகச் சித்திரம் எழுதுவார்கள். பாதாள உலகத்துத் தேவதைகள் அந்தச் சித்திரங்களில் குதிரை மீதும் யானை மீதும் மட்டுமன்றி ரயிலிலும் சைக்கிளிலும் கூடச் சவாரி செய்கிறார்கள். பாதாளத்துத் தேவனைக் கணவனாக வரித்துக்கொண்ட பெண் பூசாரிகள், அவன் தங்கள் வாயால் பேசுவதாகச் சொல்லி நோய்க்குக் காரணம் கூறுவார்கள். இவற்றினும் நமக்கு வியப்பளித்தது வேறொன்று. தொப்பியணிந்த துரையின் உருவத்தை மரத்தில் செதுக்கி அவர்கள் நட்டு வைக்கிறார்கள். சுற்றுப்பிரயாணம் வரும் உத்தியோகஸ்தர்களுடன் வியாதியும் வருகிறதாம். அதைத் தடுக்க இந்தக் காவல். சென்னைக் கோட்டையிலிருந்து சென்ற நிர்வாகத்துக்கு அந்த ஜனங்கள் வழங்கிய நற்சாட்சிப் பத்திரம் இதுதான். காட்டிலாகாச் சேவகர்களும் சில்லறை அதிகாரிகளும் கோழியும் அரிசியும் இனாம் வேலையும் வாங்குவதைப் பற்றி எல்வின் 1945-ல் சர்க்காருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

இனி, நமது கட்சியாருக்கும் அவருக்கும் நடந்த வாதத்துக்கு வருவோம். பைகாக்களுக்கு ஒரு பெரிய வனப்பிரதேசத்தை விட்டுக்கொடுத்து, லேவாதேவிக்காரனும் மதமாற்றுகிறவனும் உள்ளே வராதபடி தடுத்து, அவர்களைத் தங்கள் வழியில் வாழ விட வேண்டும் என்று 1939-ம் வருஷத்து நூலில் எல்வின் யோசனை கூறியிருந்தார். அதற்குச் சில வருஷங்கள் முன்னரே, 1935-ம் வருஷத்துச் சட்டம் மலைப்பிரதேசங்களை விலக்கப்பட்ட பகுதி என்று பிரித்து மந்திரிகளின் அதிகாரத்துக்கு அப்பால் கவர்னர்களிடம் ஒப்படைத்திருந்தது. தேசத்தைத் துண்டாடும் தந்திரம் என்று காங்கிரஸ் அதை எதிர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. மனிதர்களைக் காட்சிச்சாலையில் அடைக்கப் பார்க்கிறார் என்ற கண்டனம் எழுந்தது. பீல்களிடையே 1922-லேயே சேவா மண்டலம் தொடங்கிய தக்கர் பாபா, 1941-ல் பூனாவில் நிகழ்த்திய பிரசங்கத்தில், தனிமை மருந்தாகாது என்று வாதித்தார். பேராசிரியர் குர்யே 1943-ல், இவர்கள் பின்தங்கிய ஹிந்துக்களேயன்றி வேறல்லர் என்று நூல் எழுதினார்.

தக்கர் பாபாவுக்கு மலைக்கிராமம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சுவருக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்ட சமூகத்தின் சாவி யாராவது ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கை அந்நியனுடையதாக இருந்த காலத்தில் அவர் சந்தேகித்தது முற்றிலும் சரி. எல்வின் கண்டதும் பொய்யன்று. கதவைத் திறந்தவுடன் முதலில் உள்ளே நுழைந்தவன் உபாத்தியாயன் அல்ல, வட்டிக்காரன். அவனுக்குப் பின்னால் சாராயக் கண்டிராக்டர். நமது பத்திரிகை உலகம் தக்கர் பாபாவின் வாதத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்வினை ஏகாதிபத்தியத்தின் ஆள் என்று ஏளனம் செய்ததே, அது நியாயமன்று. பாஸ்போர்ட்டுக்காக ஏகாதிபத்தியத்தின் வாசலில் காத்துக் கிடந்த மனிதர் அவர்.

எல்வினுடைய வாழ்க்கையில் நம்மால் மன்னிக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. 1940-ல் கோசி என்ற கோண்டு பெண்ணைக் கோண்டு முறைப்படி மணந்தார். அவள் அவருடைய பாடசாலையில் படித்தவள். முரியா நாட்டு யாத்திரைகளில் அவருடன் சென்றாள். வெள்ளைக்காரன் முன் வாய் திறக்காத பெண்கள் அவளிடம் பேசினார்கள். 1949-ல் கல்கத்தாவில் விவாகரத்துப் பெற்றார். 1953-ல் லீலா என்ற பர்தான் சாதிப் பெண்ணை மணந்து, கடைசி வரையில் அவளுடன் வாழ்ந்தார். கோசி தன் கிராமத்திலேயே வறுமையில் நெடுங்காலம் ஜீவித்திருந்தாள். பைகாவின் ஒவ்வொரு சடங்கையும் பக்கம் பக்கமாக எழுதிய எல்வின், தம் சுயசரிதையில் கோசியைப் பற்றிச் சில வரிகளுடன் நிறுத்திக்கொண்டார். வேதனை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் மலைவாசிகளின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுவதையே விரதமாகக் கொண்டவர் அந்த ஒருத்தியின் வாய்ச்சொல்லை எழுதாமலே விட்டார்.

சுதந்தரத்துக்குப் பின் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. 1954-ல் இந்தியப் பிரஜையானார். அதே வருஷத்தில், பின்னர் அருணாசலப் பிரதேசமான வடகிழக்கு எல்லைப் பிரதேசத்து நிர்வாகத்துக்கு மலைஜாதி விவகார ஆலோசகராக நியமிக்கப்பட்டு, ஷில்லாங்கில் குடியேறினார். பாதையே இல்லாத இடங்களில் வாரக்கணக்கில் நடந்தார். 1956-ல் தவாங் மடாலயம் வரையில் சென்றார். அங்கே அவர் செய்த முக்கியமான மாறுதல் அதிகாரிகளின் நடையுடை பாவனையில்தான். உத்தியோகஸ்தன் நடந்து சுற்ற வேண்டும். அந்த ஜனங்களின் பாஷையைக் கற்க வேண்டும். தறியில் நல்ல துணி நெய்கிறவர்களுக்குக் கால்சட்டையைத் தானம் செய்யக்கூடாது.

1957-ல் அவர் எழுதிய நிர்வாகக் கொள்கை நூலில் பழைய வனப்பிரதேச யோசனை இல்லை. வைத்தியமும் கல்வியும் பாதையும் வேண்டும், அவை மெல்ல வரவேண்டும் என்பதே அதன் சாரம். தக்கர் பாபா 1951-ல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இருவருக்கும் இடையே தகராறு அதிகம் மிஞ்சியிராது. பண்டித நேரு அந்நூலின் இரண்டாம் பதிப்புக்கு முகவுரை எழுதி ஐந்து நெறிகளை வகுத்தார். மலைவாசிகள் தங்கள் இயல்புக்கேற்ற வழியில் வளர வேண்டும். நிலத்திலும் காட்டிலும் அவர்கள் உரிமை மதிக்கப்பட வேண்டும். அவர்களிலிருந்தே ஊழியர்களைப் பழக்க வேண்டும். நிர்வாகச் சுமையை ஏற்றக்கூடாது. செலவான பணத்தைக் கொண்டன்றி மனிதத்தன்மையைக் கொண்டே பலனை மதிப்பிட வேண்டும் என்பன அவை. 1962-ல் சீனர் படையெடுத்தபோது, வெளியார் குடியேறாதபடி தடுத்ததால்தான் எல்லை பலவீனமாயிற்று என்று சிலர் எல்வின்மீது பழி போட்டனர். உட்கோடு என்ற அந்தத் தடையை 1873-லேயே பிரிட்டிஷார் விதித்திருந்தனர் என்பதை அவர்கள் வசதியாக மறந்தார்கள்.

தேசத்தின் மற்றப் பாகங்களில் நடந்ததையும் அவர் பார்க்க நேர்ந்தது. மலைவாசிகளுக்கென ஏற்படுத்தப்பட்ட அபிவிருத்தி வட்டாரங்களைப் பரிசீலித்த கமிட்டிக்குத் தலைமை வகித்து 1960-ல் அவர் சமர்ப்பித்த அறிக்கை, அளவுக்கு மிஞ்சிய திட்டங்களையும், அந்த ஜனங்களுக்கு உதவாத கட்டடங்களையும், அவர்களிடம் மரியாதையற்ற ஊழியர்களையும் தாட்சண்யமின்றிக் கண்டித்தது. இம்முறை கண்டிக்கப்பட்டவர்கள் நமது சொந்தச் சர்க்கார் ஊழியர்கள். 1961-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது.

அப்போதே அவர் இருதயம் பலவீனமடைந்திருந்தது. எனினும் பிரயாணத்தை நிறுத்தவில்லை. 1964-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி டில்லிக்கு வேலையாக வந்திருந்த இடத்தில் மாரடைப்பால் காலமானார். சுயசரிதை அவர் மறைவுக்குப்பின் வெளிவந்து, அடுத்த வருஷத்தில் சாகித்திய அகாதமியின் பரிசு பெற்றது. சடலத்தை ஷில்லாங்குக்குக் கொண்டுபோய், பிஷப்பின் மகனாகப் பிறந்த அந்த மனிதருக்குப் பௌத்த முறைப்படி தகனம் செய்தார்கள்.